உண்டியலுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்த கதை

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அம்மா பூ விற்கிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாங்க வந்தவர் போனை நீட்டிப் பணம் அனுப்பிய மறுநொடி, "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும். அம்மா நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். கத்திவிட்டது என்றால் வந்துவிட்டது. அடுத்த முழத்தை அளக்கப் போய்விடுவார்.

அக்கா மகள் பாப்பாவுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அம்மாச்சியிடம் வந்து, பூக்கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வாள். மாசியில் ஒருநாள் என்னைக் கேட்டாள்: "மாமா, அந்தப் பெட்டி காசு வந்தா எம்புட்டுன்னு சொல்லுதுல்ல. என் உண்டியல் மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குது?"

அவளுடையது மண் உண்டியல். ஒரு ரூபாய் போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம். பத்து ரூபாய் போட்டாலும் அதே 'டக்'. யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

நான் கப்பலூர் சிட்கோவில் மோட்டார் கன்ட்ரோல் பேனல்களுக்கு வயரிங் செய்கிறவன். உண்டியலைப் பேச வைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். நாலு மாதம் ஆனது. அதில் மின்சாரத்துக்குப் போன நேரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் காசு என்றால் என்ன என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கப் போனது.

காசுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் என்ற பொருளில் 'திருமங்கலம் ஃபார்முலா' என்பது அரசியல் பேச்சில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது நோட்டு எண்ணுகிற கணக்கு. நாம் சில்லறைக்கு வருவோம்.

வேலையைத் தொடங்குமுன் பாப்பாவுக்கு ஒரு சோதனை வைத்தேன். தரையில் இந்தப் பக்கம் ஐந்து ஒரு ரூபாய்க் காசு. அந்தப் பக்கம் ஒரே ஒரு பத்து ரூபாய்க் காசு. எது வேண்டும்? தயங்காமல் ஐந்தையும் அள்ளிக்கொண்டாள். "இதுல அஞ்சு இருக்கு. அதுல ஒண்ணுதான இருக்கு!" நூறு வரைக்கும் தடங்கலில்லாமல் எண்ணுகிற பிள்ளை அவள்.

தப்பு அவளிடம் இல்லை. ஒரு புளியங்கொட்டைக்கு ஒன்று, இன்னொன்றுக்கு இரண்டு, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்றுதான் பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்குகிறோம். அந்த விதி மனதில் ஊறுவதற்கே இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. ஊறிய பிறகு ஒரு தகட்டைக் காட்டி, "இது ஒன்று இல்லை, ஐந்து" என்கிறோம். பக்கத்தில் கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்றைக் காட்டி, "இது இரண்டு" என்கிறோம். எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் காசு எண்ண வராமல் போவது இந்த இடத்தில்தான். பொருளை விட்டுவிட்டு மதிப்பை எண்ண வேண்டும். மதிப்பு கண்ணில் படுவதில்லை.

ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, பரோட்டா பார்சல் கட்டுகிற சில்வர் பேப்பர். அட்டையில் சில்வர் பேப்பரை இரண்டு பட்டைகளாக ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். மின்சாரம் ஒரு பட்டை வரைக்கும் வந்து, கரையில் நிற்கிற மாதிரி நின்றுவிடும். குறுக்கே ஒரு காசை வைத்தால் பாலம் போட்டதுபோல. விளக்கு எரியும்.

அவ்வளவுதான் சர்க்யூட். ஆனால் பாப்பா அன்று சாயங்காலம் வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ரப்பர் வைத்தாள், எரியவில்லை. சாவி, எரிந்தது. மல்லிகை மொட்டு, எரியவில்லை. அம்மாவின் சுருக்குப் பையில் ஓரம் வளைவு வளைவாக இருக்கும் பழைய அலுமினியப் பத்து பைசா ஒன்று கிடந்தது. அழுத்திப் பிடித்ததும் பளிச்சென்று எரிந்தது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. கடைசியாக என் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பட்டைகளின் குறுக்கே விரித்து வைத்தாள். எரியவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் எரியவில்லை.

"மாமா, ஐநூறு ரூவா செல்லாதா?"

செல்லாக்காசு விளக்கை எரிக்கிறது, செல்லுகிற நோட்டு எரிக்கவில்லை. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் தங்கள் அணுவை விட்டு நகரும். காகிதத்தில் நகராது. மின்சாரத்துக்கு வழி உண்டா இல்லையா என்பது மட்டும்தான் விளக்குக்குத் தெரியும், விலை தெரியாது. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளே தீர்த்துவிட்டாள்: "லைட்டுக்குப் படிக்கத் தெரியாது."

பிறகு நடந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் நீட்சிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டு வரலாம். 1985-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெரசின்யா நூனிஸ், டேவிட் கேராகர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், தெருவில் இளநீரும் பழமும் விற்கிற சிறுவர்களிடம் சாமான் வாங்குவதுபோலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ, பத்துக்கு எவ்வளவு? நாமாக இருந்தால் பின்னால் ஒரு சைபர் போடுவோம். பன்னிரண்டு வயதுப் பையன் மூன்றுக்கு 105, இன்னொரு மூன்றுக்கு 210, இன்னொரு மூன்றுக்கு 315, கடைசியில் ஒன்று, ஆக 350 என்று தாவித் தாவி வந்து சேர்ந்தான். தெருவில் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு 98 கணக்கைச் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கூட்டல் பெருக்கலாகக் கொடுத்தபோது 37-தான் சரி.

நாற்பது வருஷம் கழித்து, நம் நாட்டில் அதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டார்கள். 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உள்ளிட்ட ஒரு குழு, கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் ஒரு கிலோ 400 கிராம், இருநூறு ரூபாய் நோட்டு கொடுத்தால் பாக்கி எவ்வளவு என்பது மாதிரியான கணக்குகள். பெரும்பாலானவர்கள் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். பள்ளிப் புத்தகத்து வகுத்தலில் திணறினார்கள். பள்ளிக்கூடத்திலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படியே தலைகீழ்: புத்தகக் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. ஒரு கணக்கு இன்னொன்றுக்குத் தானாகக் கைமாறவில்லை.

இதைப் படித்துவிட்டுச் 'சந்தைக்கு அனுப்பினால் போதும்' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சந்தையில் நிற்கிற அந்தப் பிள்ளைகள் பலர் தேவையால் நிற்கிறவர்கள். ஆனால் கைக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்பது தெரிகிறது. இப்போது கையில் காசே வருவதில்லை, பெட்டிதான் கத்துகிறது என்கிறபோது, அந்தப் பாலத்தின் ஒரு கரையே கரைந்துகொண்டிருக்கிறது.

சரி, உண்டியலுக்கு வருவோம்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில், நிரல் எழுதி இயக்குகிற ஆர்டுயினோ உனோ போர்டு ஒன்று வாங்கினேன். ஒரிஜினல் இல்லை, சில நூறு ரூபாய் நகல்தான். 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் பழக வேண்டும் என்று செய்த போர்டு இது. வடிவமைப்பை மூடி வைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான் எனக்கு அந்த விலைக்குக் கிடைத்தது.

சில்லறை பிரிக்கும் சரிவு ஒன்று செய்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 2019 மார்ச்சில் வெளியான புதிய வரிசைக் காசுகளில் மதிப்பு ஏற ஏற அளவும் ஏறும். ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர் விட்டம், இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27. பார்வையற்றோர் தடவியே கண்டுபிடிக்கட்டும் என்று, எடையும் அதே வரிசையில் 3.09 கிராமிலிருந்து 7.74 கிராம் வரை ஏறுமாறு செய்திருக்கிறார்கள். எனக்கு இதைவிட வசதி வேண்டுமா? அட்டையைச் சாய்த்து நிறுத்தி, காசு ஓரத்தால் உருண்டு வர ஒரு தண்டவாளம் வைத்தேன். பின்பலகையில் வரிசையாக ஜன்னல்கள்: முதலாவது 21.5 மி.மீ. உயரம், அடுத்தது 24, அதற்கடுத்தது 26. உருண்டு வரும் காசு ஜன்னலைவிடக் குட்டையாக இருந்தால் பின்னால் சரிந்து உள்ளே விழும், உயரமாக இருந்தால் மேல் விளிம்பில் சாய்ந்தபடி தாண்டிப் போகும். ஒரு ரூபாய் முதல் ஜன்னலில் விழும். பத்து கடைசி வரை ஓடும். இருபது ரூபாய்க் காசும் 27 மி.மீ. தான், ஆனால் பன்னிரண்டு பக்கம் கொண்டது. தண்டவாளத்தில் மாட்டுவண்டி மாதிரி தடக் தடக்கென்று போய்ப் பாதியில் நின்றது. அதை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் பழைய சில்வர் பேப்பர்ப் பட்டைகள்தான். ஆனால் இப்போது அவை விளக்குக்குப் போகாமல் போர்டின் கால்களுக்குப் போகின்றன. சும்மா விட்ட கால், பக்கத்தில் ஓடும் ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும் கூட ஆடும். அதனால் போர்டுக்குள் இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை 5 வோல்ட்டில் மேலே பிடித்து வைக்கிறோம். காசு விழுந்து இரண்டு பட்டையையும் தொட்டதும் அது கீழே, சைபருக்கு இறங்கிவிடும். 'கீழே இறங்கினால் காசு வந்தது' என்பதுதான் நிரல் முழுவதும். ஒன்று விழுந்தால் ஒரு பீப், இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து, பத்துக்குப் பத்து.

மண் உண்டியலின் ஒற்றை 'டக்' இப்படி ஐந்தாகப் பிரிந்தது. தகடு ஒன்று, காதில் விழுவது ஐந்து. எனக்குத் தெரிந்து, கண்ணில் படாத மதிப்பைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

முதல் நாள் அது சரியாக வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ரூபாய்க் காசைப் போட்டால் இரண்டு பீப் வர வேண்டும். பதினாலு வந்தது. மறுபடி போட்டேன். எட்டு. பாப்பா கைதட்டிச் சிரித்தாள், காசு குட்டி போட்டுவிட்டதாம்.

காசு விழும்போது ஒரே தடவையாக உட்காருவதில்லை. கேரம் காயைத் தரையில் போட்டால் எப்படித் துள்ளித் துள்ளி அடங்குமோ, அப்படித்தான் சில்வர் பேப்பர் மேல் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் தொட்டு, விட்டு, தொட்டு, விட்டு. நம் கண்ணுக்கு அது ஒரு நொடியின் சிறு துண்டு. ஆர்டுயினோவின் உள்ளே இருக்கும் கடிகாரமோ நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு தொடுதலையும் அது தனித்தனிக் காசாக எண்ணிவிடுகிறது. பேனல் வயரிங்கில் ரிலேக்களிலும் சுவிட்சுகளிலும் இந்தத் தொல்லை எங்களுக்குப் பழக்கம்தான். மருந்து எளிது. முதல் தொடுதல் கிடைத்ததும் நொடியில் கால் பங்கு நேரம் காதைப் பொத்திக்கொள் என்று நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவளுக்குச் சொன்னேன். அவள் பெட்டியிடம் குனிந்து, டீச்சர் குரலில், "ஒரு தடவ வந்த காசு ஒரு தடவதான். திரும்பத் திரும்ப எண்ணக் கூடாது" என்றாள். எண்ணப் பழகுகிற எல்லாப் பிள்ளையும் செய்கிற முதல் தப்பும் அதுதான், எண்ணிய பொருளையே இன்னொரு தடவை எண்ணுவது.

அதற்கடுத்த வாரம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

பத்து ரூபாய்க் காசுகளை அவள் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டாள். பீப் பீப் என்று பத்து, அடுத்தது பத்து, அடுத்தது பத்து. முப்பதைத் தாண்டும்போது அவளுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் தவறியது. அம்மாவோ, "அந்தச் சனியன நிப்பாட்டுறியா, காதே போச்சு" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். பாப்பா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பத்துக்குப் பத்து வாட்டி கத்த வேணாம். ஒரே வாட்டி, நீட்டிக் கத்தட்டும்."

ஒரு வரி மாற்றினேன். இருபத்து மூன்று ரூபாய் இப்போது நீளமாக இரண்டு, குட்டையாக மூன்று. பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. இருபத்து மூன்றை ௨௰௩ என்று, இரண்டு, பத்து, மூன்று என்பதாக எழுதினார்கள். எண்ணிக்கை கைமீறிப் போகும்போது ஒரு கட்டாகக் கட்டி அந்தக் கட்டுக்கு ஒரு பெயர் வைப்பது. அம்மாவின் காதைக் காப்பாற்றப் போய் ஏழு வயசுப் பிள்ளை அங்கே வந்து நின்றுவிட்டாள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'பத்துகள், ஒன்றுகள்' என்று இரண்டு கட்டம் போட்டு இதையே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்களை அவள் சரியாக நிரப்பவும் செய்திருந்தாள், எதற்கு என்று தெரியாமலே.

இத்தனையும் நான் பொறுக்கி எடுத்து வைத்த புதுக் காசுகளோடு. பள்ளி திறக்கும் நேரத்தில் மண் உண்டியலை உடைத்தோம்.

அதில் இருந்தது அம்மாவின் போணிக் காசு. எங்கள் திருமங்கலம் வட்டாரத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலுக்கு, ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் ஓட்டல் நடத்துகிறவர்கள் அன்றாடம் முதல் வியாபாரக் காசைத் தனியாக எடுத்து வைத்துச் சேர்ப்பார்கள். வருஷத் திருவிழாவில் ஆட்டுக்கறி பிரியாணி அந்தக் காசில். அம்மா அதே வழக்கத்தைப் பேத்தி உண்டியலுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் முதல் போணி எதுவோ, அதில் ஒரு காசு. இப்போது போணியே போனில் வருகிறது, அதை எப்படி உண்டியலில் போடுவது என்பது அவருடைய நியாயமான புலம்பல்.

கொட்டிய காசைச் சரிவில் விட ஆரம்பித்தோம். பெட்டி உளற ஆரம்பித்தது. ஒரு ரூபாய்க்கு ஐந்து பீப். இரண்டு ரூபாய்க்கும் ஐந்து பீப். இன்னொரு இரண்டு ரூபாய் கடைசி வரை உருண்டு போய் நீளமாக ஒரு பீப் வாங்கியது, பத்தாம். வயர் விட்டுவிட்டதோ என்று நான் டெஸ்டரைத் தேடினேன். பிறகுதான் வெர்னியர் காலிபரை எடுத்தேன்.

2007-இல் வந்த ஒரு ரூபாய், கட்டைவிரல் மட்டும் தூக்கிய பரத முத்திரை போட்டது, 25 மி.மீ. 2011-இல் வந்த இரண்டு ரூபாய், 25 மி.மீ. 2019 வரிசையின் ஐந்து ரூபாய், 25 மி.மீ. ஒரே விட்டத்தில் மூன்று காசு, மூன்று மதிப்பு, மூன்றும் இன்றைக்கும் செல்லும். பத்தாகப் போனது 2007-இன் இரண்டு விரல் முத்திரை போட்ட இரண்டு ரூபாய், 27 மி.மீ.

வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன். ரயில்வே ஸ்டேஷன்களில் நின்ற எடை மெஷினும், டீக்கடைகளில் தொங்கிய ஒரு ரூபாய் போனும் காசை எப்படி அடையாளம் கண்டன? அளவு, எடை, உலோகம், இவற்றை வைத்துத்தான். கம்பிச்சுருள் ஒன்றில் மின்சாரத்தை மாறி மாறி ஓட்டி, பக்கத்தில் காசு போகும்போது அந்த ஓட்டம் எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்கும் மெஷின்களும் உண்டு. செம்புக் கலவைக்கு ஒரு தடுமாற்றம், எஃகுக்கு வேறொன்று. நான் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றினேன். மஞ்சள் ஐந்து ரூபாய் ஒட்டவில்லை, அது நிக்கல் பித்தளை. ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் துருவேறா எஃகு, டப்பென்று ஒட்டின. ஆக மூன்றில் ஐந்தைப் பிரித்துவிடலாம். மிச்சம் அந்த இரண்டு. 2007-இன் ஒரு ரூபாயும் 2011-இன் இரண்டு ரூபாயும் 25 மி.மீ., இரண்டுமே எஃகு, இரண்டுக்கும் எடை 4.85 கிராம். தராசும் காந்தமும் ஜன்னலும் ஒன்றாகச் சேர்ந்தாலும் பிரிக்க முடியாது.

அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு காசைத் தடவியே சொல்லிவிடுகிறவர். இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிவிட்டு, "மத்ததெல்லாம் கையிலயே தெரியும்யா. ராத்திரி கரண்டு போனா இது ரெண்டுதான் ஏமாத்திப்புடும்" என்றார்.

பாப்பா மட்டும் கவலையே படவில்லை. "விரலப் பாருங்க மாமா. ஒரு விரல்னா ஒண்ணு. அதுல ரெண்டுன்னு போட்டுருக்கு பாருங்க."

லைட்டுக்குப் படிக்கத் தெரியாது என்று முதல் நாளே சொன்னவள். காசின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை, எடையில் இல்லை, அகலத்திலும் இல்லை. அதன்மேல் எழுதியிருக்கிறது, எழுதியதை நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. பத்து ரூபாய்க் காயினை டீக்கடையில் நீட்டினால் "இது ஓடாதுண்ணே" என்று திருப்பித் தந்த காலம் ஒன்று உண்டு. கோடு பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று ஆளாளுக்கு ஒரு சட்டம் பேசினார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாயில் 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, பதினாலும் செல்லும் என்று அறிக்கை விட்டது. அதன் பிறகும் தயக்கம் லேசில் போகவில்லை. பெரியவர்கள் நாமே காசின் முகம் மாறினால் நம்ப மறுக்கிறோம்; பிள்ளைக்கு முதல் பார்வையிலேயே புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் பழசு. ரூபாய்க்குப் பதினாறணா, அணாவுக்கு நாலு காலணா என்று எண்ணிய அவருடைய அம்மாவிடம் வியாபாரம் பழகியவர். 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று சர்க்கார் மாற்றியது. அதற்குப் பிறகு பிறந்தும், ஐம்பது காசை இன்றைக்கும் 'எட்டணா' என்றுதான் சொல்வார். அவர் காசு எண்ணும் விதமும் தனி. ஒரே மாதிரிக் காசில் பத்தை எண்ணி ஓர் அடுக்கு வைப்பார். அதற்குப் பிறகு எண்ணவே மாட்டார். மிச்சத்தை அதே உயரத்துக்கு அடுக்கிக்கொண்டே போய், மேலே உள்ளங்கையை வைத்துச் சமம் பார்ப்பார். பத்து அடுக்கு நின்றால் நூறு காசு. எண்ணுவதை அளப்பதாக மாற்றிவிடுகிற தந்திரம். என் சரிவு செய்ய நினைத்ததும் அதுதான், அவர் அதற்குமுன் காசை இனம் பிரித்து வைத்துக்கொள்கிறார் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

சரிவைக் கழற்றிப் பரணில் போட்டேன். இப்போது அந்தப் பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியில் ஐந்து துளைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் கையால் எழுதிய எண்: 1, 2, 5, 10, 20. எந்தத் துளையிலும் எந்தக் காசும் போகும். காசைப் பார்த்து, படித்து, எந்தத் துளை என்று முடிவு செய்வது அவள் வேலை. சத்தம் போட்டு எண்ணுவது பெட்டியின் வேலை. எலக்ட்ரானிக்ஸ்காரன் பார்வையில் இது பின்னடைவு, மெஷின் முன்னைவிட முட்டாளாகிவிட்டது. ஆனால் நான் முதலில் செய்த கெட்டிக்காரப் பெட்டியில் அவளுக்கு வேலையே இல்லை, உருட்டிவிட்டு வேடிக்கை பார்த்தாள். இதில் துளை மாறிப் போட்டால் தப்பு சத்தமாகக் காதில் விழுகிறது. திருத்துகிறவர் யாரும் பக்கத்தில் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடங்களில் இப்படிக் கையால் செய்து பழகுவதற்கு இடம் இல்லாமல் இல்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பரில், ஆறு முதல் எட்டு வரை படிக்கிறவர்கள் கையால் செய்து பார்க்க 'வானவில் மன்றம்' வந்தது. அடல் டிங்கரிங் ஆய்வகங்களும் ஆறாம் வகுப்புக்கு மேலேதான். காசு எண்ணப் பழகுவது இரண்டாம் வகுப்பில், வயரைத் தொட விடுவது ஆறாம் வகுப்பில். இரண்டு பென்சில் பேட்டரியும் ஒரு சில்வர் பேப்பரும் யாரையும் கடிக்காது. இந்த நாலு வருஷ இடைவெளி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன வாரம் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். அவள் காத்திருக்கவில்லை. நேற்று அம்மா கொடுத்த போணிக் காசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, திருப்பிப் பார்த்து, துளையில் போட்டுவிட்டு அவளே கத்திக்கொண்டிருந்தாள். ஐந்துக்கு ஐந்து குட்டை பீப். பத்துக்கு நீளமாக ஒன்று. பன்னிரண்டு பக்க இருபது ரூபாய் வந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீளமாக இரண்டு.